சிறு படகோ, பெரும் படகோ?

கொடை அளிக்கப் புகுவோர்க்கு இயல்பாய் நேரும் மயக்கம் ஒன்றுண்டு. கொடுப்போர் கண்ணுக்குப் பெரிதாய்த் தோன்றுவது எதுவோ, அதுவே பெறுவோர் கைக்கும் பெரும்பயன் விளைக்கும் என எண்ணுதலே அது. அம் மயக்கத்தை அருகிருந்து ஆராயும் வாய்ப்பு அண்மைக் காலத்தில் எமக்குக் கிட்டியது. 2023ஆம் ஆண்டில், எம்மோடு ஒரே வகுப்பிற் பயின்ற பழைய மாணவர் சிலர் பொருள் திரட்டி, காற்றடைத்து மிதக்கவிடும் றப்பர்ப் படகு ஒன்றை வாங்கி, வன்னியிலுள்ள சிற்றூர் ஒன்றுக்கு அளிப்பதென முடிவு செய்தனர். படகைத் தெரிவு செய்யும் பொறுப்பு மூவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. கணித ஆசிரியராய் இருந்து இளைப்பாறிய நண்பர் ஒருவர், நீர்ப்பாசனப் பகுதியிற் பல்லாண்டு கடமையாற்றிய நண்பர் மற்றொருவர், மூன்றாமவர் நாம். ஒன்பதடிப் படகா, பன்னிரண்டரையடிப் படகா என்பதே எம்முன் வைக்கப்பட்ட வினா. கேட்பதற்கு எளிய வினா. ஆயின் விடை காண எமக்கு மூன்று திங்கள் வேண்டியிருந்தது.

படகு ஏன் வேண்டியிருந்தது என்பதை முதலிற் சொல்லுதல் தகும். 2018ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 21ஆம் நாளும் அதனையடுத்த நாளும் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிற் பெய்த பெருமழையை மறந்தார் அங்கு எவருமிலர். இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்டன. அக் குளத்தினின்று வடக்கு நோக்கி ஓடிச் சுண்டிக்குளம் நீரேரியிற் கலக்கும் கனகராயன் ஆற்றின் இருமருங்கும் வெள்ளக்காடாயின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்து பாடசாலைகளிலும் பொதுமண்டபங்களிலும் ஒதுங்கின. முப்படையினரின் படகுகள் வந்து மக்களை மீட்டன என்பது உண்மையே. எனினும், நாம் குறிப்பிடும் சிற்றூரிற் படகு வந்து சேர்ந்தபோது பொழுது புலர்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. அதுவரை அவ்வூரார் உழவு இயந்திரச் சில்லின் ட்யூபுகளையும், வாழைக்குற்றிகளை அடுக்கிக் கட்டிய தெப்பத்தையும் நம்பியே இரவைக் கழித்தனர். அந்த இடைநேரத்தை நிரப்பவே படகு தேடினோம். இக் குறிக்கோள் பின்னர் எம் விவாதங்களிற் பலமுறை மறக்கப்பட்டது. மீண்டும் மீண்டும் அதனை நினைவூட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

கொழும்பிற் கடையொன்றில் இரு படகுகளையும் காற்றடைத்து அருகருகே வைத்துக் காட்டினார்கள். சிறியது 2.7 மீற்றர் நீளம், பெரியது 3.8 மீற்றர். சிறியது ஏறத்தாழ 35 கிலோ நிறை. அதன் அடித்தளம் காற்றடைக்கும் பாய் போன்றது. படகோடு சேர்த்துச் சுருட்டி வைக்கலாம். பெரியது, அலுமினியத் தளத் தகடுகளோடு சேர்த்து 75 கிலோவிற்கு மேற்பட்டது. அதற்கேற்ற 15 குதிரைவலு எஞ்சின் தனியே மேலும் 40 கிலோ அளவில் நிறுக்கும். சிறியதில் ஓட்டுவார் உட்பட மூவரும், பெரியதில் அறுவரும் அச்சமின்றி ஏறலாம் என மதிப்பிட்டோம். இரண்டிலும் காற்றறைகள் ஒன்றுக்கு மேற்பட்டனவாய்ப் பிரிக்கப்பட்டிருந்தன. முள்ளோ கம்பியோ ஓரறையைக் கிழித்தாலும் ஏனையவை படகைத் தாங்கும். விளையாட்டுக்கென விற்கும் மலிவான காற்றுப் படகுகளில் இப் பாதுகாப்பை எதிர்பார்த்தல் கூடாது. உயிர் காக்கப் படகு வாங்குவோர் நீளத்தைக் கேட்குமுன் காற்றறைகள் எத்தனை என்று கேட்டல் வேண்டும்.

பெரிய படகின் சிறப்பை நாம் குறைத்துக் கூறப் போவதில்லை. றப்பர்ப் படகின் வெளியளவு கண்ணை ஏமாற்றும், உள்ளளவே மெய்யளவு. இரு படகிற்கும் சுற்றியுள்ள காற்றுக்குழாயின் பருமன் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே சிறிய படகில் அக் குழாய்களே இடத்தின் பெரும் பங்கைக் கவர்ந்துவிடும். சிறியதன் உள்நீளம் 1.8 மீற்றர் அளவே. பெரியதன் உள்நீளம் 2.6 மீற்றர். வெளியே ஒரு மீற்றர்க்குச் சற்று மேற்பட்ட வேற்றுமைதான். உள்ளேயோ, நோயாளி ஒருவர் கால் நீட்டிப் படுப்பதற்கும் முழங்கால் மடக்கிக் கிடப்பதற்கும் உள்ள வேற்றுமை. காற்றும் அலையும் மிக்க நீர்ப்பரப்பிற் பெரியது நிலையாய் நிற்கும்; சிறியது தக்கையெனத் துள்ளும். இவற்றையெல்லாம் கண்ட பின், பெரியதையே வாங்கிவிடலாம் என மூவர் மனமும் சாய்ந்தது.

கணித நண்பரோ மனச்சாய்வை நம்புபவரல்லர். தாளெடுத்துக் கணக்கிட்டார். வெள்ளத்தில் 24 பேரை அக்கரை சேர்க்க வேண்டுமென வைத்துக்கொள்வோம். சிறிய படகு ஒரு நடைக்கு இருவரை ஏற்றும். 12 நடை வேண்டும். நடைக்குக் கால் மணி நேரமெனில் மூன்று மணி நேரம். அதைக் காற்றடைத்து ஆயத்தஞ் செய்யப் பத்து நிமிடம். ஆக 190 நிமிடம். பெரிய படகு நடைக்கு ஐவரை ஏற்றும். ஐந்து நடையில் அனைவரும் சேர்வர். ஏற்றி இறக்கக் கூடுதல் நேரமாகும் ஆதலின் நடைக்கு 20 நிமிடம்; தளத் தகடு பூட்டி எஞ்சின் மாட்டி ஆயத்தஞ் செய்ய 40 நிமிடம். ஆக 140 நிமிடம். "ஐம்பது நிமிடத்தாற் பெரியது வெல்லுகிறது," என்று கூறித் தாளை எம்மிடம் நீட்டினார். கணக்கிற் பிழையேதும் இல்லை.

நீர்ப்பாசன நண்பர் அத் தாளை நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "இது எந்த நீர்?" என்று வினவினார். ஆழ்ந்து பரந்த நீர்ப்பரப்புக்கு அக் கணக்கு பொருந்தும் என்றும், ஊருக்குட் புகுந்த வெள்ளம் வேறு வகையினது என்றும் அவர் விளக்கினார். அங்கே ஓரிடத்தில் நீர் மார்பளவு. பத்தடி தள்ளி வரப்பின்மேல் முழங்காலளவு. நீருக்குள் முட்கம்பி வேலியும், கதியால்களும், தறித்த பனையின் அடிக்குற்றிகளும் மறைந்து கிடக்கும். மிதந்து வரும் வைக்கோலும் கொடியும் எஞ்சினின் சுழல்விசிறியைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். இத்தகைய நீரிற் படகை எஞ்சின் ஓட்டுவதில்லை. துடுப்பும், தாங்குகோலும், இருபுறமும் கட்டி இழுக்கும் கயிறுமே ஓட்டுகின்றன. வரப்பொன்று குறுக்கிட்டால் ஆட்களை இறக்கிப் படகைத் தூக்கி அப்பால் வைக்கவும் வேண்டும். மதகின் வாயிலும் ஆற்றங்கரையிலும் மட்டுமே நீர் வேகமாய் ஓடும். அவ்விடங்களுக்குப் பயிற்சியில்லாதவர் எந்தப் படகிலும் போதல் ஆகாது என்பது அவர் முடிவு.

வழக்கு இவ்வாறு இருபாலும் ஒத்து நின்ற நிலையில், ஊராரையே கேட்டறிவோம் என்று புறப்பட்டோம். படகு வைக்கப்படவிருந்த சனசமூக நிலையம் சற்று மேட்டுநிலத்தில் இருந்தது. வெள்ளம் ஏறக்கூடிய தாழ்விடம் அங்கிருந்து ஏறத்தாழ 300 மீற்றர். அன்று கூடியிருந்தவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். 2009இல் முடிவுற்ற போரின் பின், பெண்களே தலைமை தாங்கும் குடும்பங்கள் வன்னியிற் பல, அவ்வூரிலும் அப்படியே. எம் கணித நண்பர் இரு படகின் இயல்பையும் விளக்கி, தம் கணக்கையும் எடுத்துரைத்தார். மாதர் சங்கத்தின் செயலாளராயிருந்த அம்மையார் இறுதிவரை பொறுமையோடு கேட்டிருந்துவிட்டு, ஒரே ஒரு வினாவை எழுப்பினார்.

"ஐயா, மழை எண்டால் எங்கட ஆம்பிளையள் வயலிலயும் மாட்டுப் பட்டியிலயும் நிப்பினம். குளக்கட்டுக்குக் காவலுக்கும் போயிடுவினம். வீட்டில நிக்கிறது நாங்களும் கிழடுகளும் பிள்ளையளும்தான். ராவில இந்தப் பெரிய போட்டை ஆர் தூக்கிறது?"

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கணித நண்பரின் கணக்கு, படகு நீரில் மிதக்கும் கணத்திலிருந்து தொடங்கியது. அம்மையாரின் கணக்கோ, படகு அறையிற் சுருண்டு கிடக்கும் கணத்திலிருந்து தொடங்கியது. நான்கு பெண்கள் மட்டுமே அங்கிருப்பின், சிறிய படகு 190 நிமிடத்தில் 24 பேரை மீட்கும். பெரிய படகு ஒருவரையும் மீட்காது.

படகைச் சுமப்பவர் கையே படகின் அளவைத் தீர்மானிக்கும் என்பது உலகிற்குப் புதிய உண்மையன்று. 1821ஆம் ஆண்டில் யோன் பிராங்கிளின் என்னும் ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி, கனடாவின் வடகரையை ஆராய்ந்து தரைவழியாகத் திரும்பியபோது, கொண்டு சென்ற தோணிகள் சுமையாய்ப் போயின. பசியாலும் குளிராலும் தளர்ந்த சுமப்போர், ஒன்றன்பின் ஒன்றாய் அவற்றை உடைந்த நிலையிற் கைவிட்டனர். பின்னர்க் காப்பர்மைன் ஆறு குறுக்கிட்டது. அதைக் கடக்கத் தோணியில்லாமல் அக் கூட்டத்தார் ஒரு கிழமைக்கு மேல் கரையிலே தவித்தனர். அப் பயணத்தில் 20 பேரில் 11 பேர் மாண்டனர். அவ் விபத்து பிற்காலத்தில் பீற்றர் ஹல்கற் என்னும் இளங் கடற்படை அதிகாரியின் சிந்தனையைத் தூண்டிற்று. 1840களில் அவர் றப்பர் பூசிய துணியாற் படகு செய்தார். ஒன்று, ஒருவர் தோளில் அணியும் மேலங்கி. காற்றடைத்தால் அதுவே படகு. கைத்தடி துடுப்பாகும், குடை பாயாகும்! மற்றொன்று, சற்றுப் பெரிது, இருவர் ஏறத்தக்கது, சுருட்டி முதுகுப் பையிற் சுமக்கத்தக்கது. பிரித்தானியக் கடற்படைத் தலைமை, கூரிய புத்தியின் ஆக்கமே ஆயினும் தன் பொதுச் சேவைக்கு ஏலாது என விடுத்தது. பெருங் கப்பல் உடையார்க்கு அது வேண்டியிருக்கவில்லை. ஆயின் 1846இல் வடதுருவக் கரையை ஆராயச் சென்ற வைத்தியர் யோன் றே அவ்வகைப் படகொன்றைக் கொண்டுசென்று பயன்படுத்தினார். அவர் தரைவழி நடப்பவர். படகு தம்மைச் சுமக்கும் நேரத்தினும் தாம் படகைச் சுமக்கும் நேரமே மிகுதி என்பதை அறிந்தவர்.

எஞ்சினைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். 2022ஆம் ஆண்டில் எம் நாடு கண்ட எரிபொருட் பஞ்சத்தை இதனைப் படிப்போர் எவரும் மறந்திரார். பெற்றோல் நிரப்பு நிலையங்களின் முன் நாட்கணக்கில் வரிசையிற் காத்திருந்ததும், பின்னர் ஒவ்வொரு வாகனத்திற்கும் கிழமைக்கு இவ்வளவு என்று பங்கிட்டு அளந்ததும் நேற்று நடந்தன போலுள்ளன. எஞ்சினின்றிப் பெரிய படகை இரு துடுப்பாற் செலுத்துவது கடினம்; காற்று எதிர்ப்பின் இயலாது. சிறிய படகோ துடுப்புக்கே பிறந்தது. பெற்றோல் இல்லாத நாளிலும் வெள்ளம் வரும் என்பதை எண்ணிப் பார்த்தோம்.

இவ்விடத்திற் பெரும் படகை விரும்பும் அன்பர்கள், சிறியது எப்போதும் உயர்ந்தது என நாம் கூறுவதாகக் கொள்ளற்க. பிரித்தானியாவின் கடலோரங்களிற் பணிபுரியும் அரச தேசிய உயிர்காப்புப் படகு நிறுவனம் இரு வகைக் காற்றுப் படகுகளையும் பேணி வருகிறது. 1963இல் அது 'டி' வகுப்பு எனப்படும் சிறு படகைச் சேவைக்குக் கொணர்ந்தது. இன்றும் 5 மீற்றர் அளவினதாய், ஒற்றை எஞ்சினோடு, கரையை அண்டிய ஆழமற்ற நீரிலும் பாறையிடுக்கிலும் அது புகுந்து வருகிறது. கவிழ்ந்தாலும் அதிலுள்ளோர் தம் கையாலே நிமிர்த்திவிடலாம். அப்பாற்பட்ட கடலுக்கு 'பி' வகுப்பு எனப்படும் பெரிய படகுகள் செல்கின்றன. அவற்றுள் இற்றை நாள் வகை 8 மீற்றருக்கு மேற்பட்டது, இரட்டை எஞ்சின் பூண்டது.

அப் பெரிய படகின் பிறப்பு, கல்லூரி மலர் படிப்போர்க்கு உவப்பளிக்கும். அது பெரும் பட்டறை எதிலும் பிறந்ததன்று; ஒரு கல்லூரியிற் பிறந்தது. வேல்ஸ் நாட்டில் 1962இல் தொடங்கப்பட்ட அற்லாந்திக் கல்லூரியின் முதல் தலைமையாசிரியர் டெஸ்மண்ட் ஹோர், கடற்படையில் றியர் அட்மிரலாய் இருந்தவர். மாணவரின் பாய்ப்படகுகளுக்குக் காவலாய் அங்கே றப்பர்ப் படகுகள் இருந்தன. கூழாங்கற் கரையில் இழுபட்டு அவற்றின் துணித்தளம் ஓயாது தேய்ந்தது. தலைமையாசிரியரும் மாணவரும் தளத்தின் அடியிலே மரப்பலகையை ஒட்டிப் பார்த்தனர், பன்முறை திருத்தினர், அதுவே வன்தளம் பூண்ட காற்றுப் படகாய் வளர்ந்தது. 1973இல் அதன் காப்புரிமையை ஒரே ஒரு பவுணுக்கு ஹோர் அந் நிறுவனத்திற்கு வழங்கினார். தம் கரையின் கல்லும் தம் அலையும் கேட்ட படகையே அவர்கள் செய்தார்கள். பிறர் வியக்கும் படகைச் செய்ய முற்படவில்லை.

இவை யாவற்றையும் சீர்தூக்கி, சிறிய படகையே தெரிவு செய்தோம். பெரிய படகுகள் கடற்படையிடமும் இராணுவத்திடமும் உள்ளன. அவை வந்து சேரும். வந்து சேரும்வரையுள்ள சில மணி நேரத்திற்கே ஊரின் கையில் ஒன்று வேண்டும். மிகுந்த பணத்திற்கு உயிர்காப்பு அங்கிகள், 100 மீற்றர் மிதக்கும் கயிறு, தலையில் அணியும் விளக்குகள், காலால் மிதிக்கும் பம்பு இரண்டு, ஒட்டுத் துண்டுகளும் பசையும் வாங்கினோம்.

தோழரிற் சிலர்க்கு மனநிறைவில்லை. கடல் கடந்து வாழும் ஒருவர், "இவ்வளவு பேர் சேர்ந்து கொடுத்தது இந்தச் சின்னப் போட்தானா?" என்று தொலைபேசியிற் கேட்டார். நீளம் குறைந்தாற் படகின் பக்கத்தில் எழுதும் வகுப்பின் பெயரும் குறையுமே என்பது மற்றொருவர் கவலை. பெயரெழுதுதலையே விட்டுவிட்டோம். வெள்ளத்தில் நிற்பவர் பெயரைப் படிக்கப் படகைப் பார்ப்பதில்லை.

கையளித்த நாளில் மேடையும் மாலையும் இல்லை. நான்கு பெண்கள் படகை நிலையத்திலிருந்து தாழ்விடம்வரை தூக்கிச் சென்று, காற்றடைத்து, துடுப்பைக் கையிற் பிடித்தனர். நீர்ப்பாசன நண்பர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்: 23 நிமிடம். இரண்டாம் முறை 17. பேணுமுறையும் அன்றே வகுக்கப்பட்டது. இத்தகைய படகிற்கு வெள்ளத்தினும் கொடிய பகை வெயிலும் எலியும். தகரக் கூரையின்கீழ் வெப்பத்திற் கிடந்தால் ஒட்டுப்பசை இளகும். வெயில் பட்டால் உள்ளிருக்கும் காற்று விரிந்து பொருத்தை நெருக்கும். ஆதலின் நனைந்தபின் நன்றாக உலர்த்தி, நிழலில், மூடியுள்ள பெட்டியில் வைத்தல் வேண்டும். திங்கட்கொருமுறை காற்றடைத்து ஓரிரவு விட்டுப் பார்த்தல் வேண்டும்.

2024 நவம்பர் இறுதியில் வங்கக் கடலிற் கிளம்பிய தாழமுக்கம் வடக்கையும் கிழக்கையும் மழையில் மூழ்கடித்தபோது, படகு இரவு பதினொரு மணிக்கு நீரில் இறங்கியது. பொழுது விடியுமுன் 16 பேர் அக்கரை சேர்ந்தனர். அவருள் எழுந்து நடக்கவியலாத முதியவர் இருவர். விடிந்தபின் பெரிய படகு வந்து எஞ்சியோரை இரண்டே நடையில் ஏற்றிச் சென்றது.

இதனை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லி முடித்தல் நேர்மையாகாது. அவ்விரவில் தாயொருத்தியும் அவள் பிள்ளைகள் மூவரும் ஒரே நடையில் ஏற இடமிருக்கவில்லை. மூத்த இரு பிள்ளைகளையும் முதலில் அனுப்பிவிட்டு, கைக்குழந்தையோடு தாய் இருளில் நின்றாள். அக்கரையிலிருந்து பிள்ளைகள் அழுத குரல் அவள் காதில் விழுந்துகொண்டே இருந்தது. படகு திரும்பி வரக் கால் மணி நேரம். பெரிய படகாயின் நால்வரும் ஒன்றாய்ப் போயிருப்பர். அம்மையார் இதனை எமக்குக் கூறியபோது குறையாகக் கூறவில்லை, நடந்ததைக் கூறினார். பின்னர், "பெரிய போட் எண்டால் அது அந்த நேரம் கட்டடத்துக்குள்ளதான் கிடந்திருக்கும், ஐயா," என்றும் சொன்னார். இரண்டு கூற்றும் உண்மை. ஒன்றைக் கொள்ளும்போது மற்றொன்றை இழக்கிறோம் என்பதை அறிந்தே கொள்ளுதல்தான் தெரிவு. அத் தாயின் கால் மணி நேரம் நாம் தெரிந்த படகின் விலையிற் சேர்ந்தது. அதனைக் கணக்கினின்று நீக்கிவிட எமக்கு உரிமையில்லை.

கணித நண்பர் தம் பழைய தாளை இன்னும் வைத்திருக்கிறார். அதன் தலைப்பில் இப்போது புதிய வரியொன்றைச் சேர்த்துள்ளார்: "தூக்குவோர் எத்தனை பேர்?" அடுத்த படகு வாங்கும் காலம் வரின், அவ்வரியிலிருந்தே கணக்குத் தொடங்கும். இப்போதைய முயற்சி, அவ்வூரிற்கே அதே அளவில் இரண்டாவது சிறு படகொன்று வாங்குவது. இரண்டிருந்தால் தாயும் பிள்ளைகளும் ஒரே வேளையிற் புறப்படலாம். ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன் வரும் ஒரு சனிக்கிழமையில் அங்கே படகைக் காற்றடைத்துப் பழகுவது வழக்கமாகிவிட்டது. நம் கல்லூரி மாணவர் வர விரும்பின் வரலாம். நீச்சல் அறிந்திருத்தல் நன்று. மாற்றுடையும், பம்பு மிதிக்கக் கால் வலுவும் கட்டாயம் வேண்டும்.